பாண் என்றால் பாண்

இரவு ஒன்றரை. கொக்குவிலில்
மா குழைக்கும் இயந்திரம் முழித்திருக்கிறது,
நானும்.
கைப்பேசியைப் பொலித்தீன் பையில் சுற்றிச்
சீனி மூட்டைமேல் சாத்தி வைத்திருக்கிறேன்.
அதற்குள்ளிருந்து ஒரு பெண்
ஸ்பானிய மொழியின் முதற்பாடம் சொல்கிறாள்:
ஓலா.
எழுத்தில் முன்னால் ஒரு ‘எச்’ நிற்குமாம்,
வாய் திறக்காதாம்.
எங்கள் முதலாளியின் தம்பி மாதிரி.
சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கும்,
ஆளைக் காணக் கிடையாது.

ஜெனோசன் தட்டுகளுக்கு எண்ணெய் பூசுகிறான்.
‘எந்த நாட்டுக்கு அண்ணை?’
ஒரு நாட்டுக்கும் இல்லை.
‘ஆர் இருக்கினம் அங்க?’
ஒருத்தரும் இல்லை.
‘அப்ப ஏன்?’
நான் ஈஸ்ட் கரைக்கப் போய்விட்டேன்.

இந்த ஊரில் ஒருவன் ஜெர்மன் படித்தால்
கலியாணம் சரிவந்துவிட்டது.
பிரெஞ்சு படித்தால்
ஏஜென்சிக்காரனுக்குப் பாதிக்காசு போய்விட்டது.
சிங்களம் நான் படித்தது சோதனைச்சாவடியில்,
இரண்டு கையும் மேலே இருக்க.
முதல் வாக்கியம்: கொஹெத யன்னே, எங்கே போகிறாய்.
ஸ்பானிய மொழியில் கேள்விக்கு முன்னாலேயே
ஒரு குறி தலைகீழாக நிற்கிறது,
இதோ கேட்கப்போகிறேன் என்று.
அந்த மரியாதையை
இருபது வருசம் பிந்திப் பார்க்கிறேன்.

இரண்டாம் பாடம், வீட்டுச் சாமான்.
மேசை: மேசா.
சப்பாத்து: சப்பாத்தோ.
துவாய்: தொஆயா.
வாங்கு: பாங்கோ.
கையை மாவிலிருந்து எடுத்துவிட்டேன்.
ஆரடா இவள், எங்கள் வீட்டுக்குள் பூந்து
கணக்கெடுக்கிறவள்?
பிறகு படமாக வந்தது ஒரு றாத்தல்,
மேலே பொன்நிறத் தோல், பக்கம் வெடித்து.
‘பான்’ என்றாள்.
ஜெனோசன் எண்ணெய்த் துணியோடு திரும்பினான்.
‘அண்ணை, அவளுக்குத் தமிழ் தெரியுது.’

வாசல் பலகையில் ‘வெதுப்பகம்’ என்றிருக்கிறது.
நல்ல சொல். நன்றாக வெந்த சொல்.
ஆனாலும் விடிய நாலரைக்குச் சைக்கிளில் வந்து
வெதுப்பி தாங்கோ என்று எவரும் கேட்டதில்லை.
பாண் என்றால் பாண்.
போர்த்துக்கேயர் கோட்டை கட்டினர் என்று
பள்ளியில் பாடமாக்கினேன்.
கோட்டை தன்பாட்டில் கடலைப் பார்த்திருக்க
அவர்கள் விட்டுப்போன பாணை
நாள்தோறும் முந்நூறு றாத்தல் சுடுகிறேன்.
ஸ்பானியர் அவர்களுக்குப் பக்கத்து வீடாம்.
வேலிக்கு மேலால்
மாவும் சொல்லும் கைமாறியிருக்கும்.

அந்தத் துணிச்சலில்தான் பிழைத்துப்போனது.
வியாழன் பின்னேரம் நேரில் கதைக்கும் வகுப்பு.
பெருவில் மாரிசொல் என்று ஒருத்தி,
அவளுக்கு அப்போதுதான் விடிகிறது,
முதுகுக்குப் பின்னால் சேவல் கூவுகிறது.
எதில் இருக்கிறீர்கள் என்று கேட்டாள்.
நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கதிரையில் என்பதற்குக்
‘கதேரா’ என்றேன்.
அவள் வாயைப் பொத்தினாள்.
கதேரா என்றால் இடுப்பாம்.
கதிரைக்கு அவர்களிடம் வேறே சொல்.
எப்படி வந்தது இந்தச் சொல் உங்களிடம் என்றாள்.
நாநூறு வருசக் கதை.
என்னிடம் இருந்ததோ பதினொரு சொற்கள்,
அதில் ஒன்று துவாய்.

ஊரின் பெயரை எழுதிக் காட்டினேன்.
ஹஃப்னா, என்று வாசித்தாள்.
‘ஜே’ அவர்கள் வாயில் வெறும் மூச்சு.
யாழ்ப்பாணம், என்று மெல்லச் சொன்னேன்,
‘ழ’வில் சறுக்கி விழுந்தாள்.
தன் பங்குக்கு ஒன்று தந்தாள்:
பெரோ என்றால் ‘ஆனால்’,
நடுவில் நாக்கை உருட்டினால் நாய்.
நான் விழுந்த இடம் அது.

நாலு மணி. முதல் தட்டு வெளியே வருகிறது.
சூன் பாண் ஓட்டோ அதே சங்கீதத்தோடு
ஒழுங்கைக்குள் திரும்புகிறது.
ஜெனோசன் பெட்டியை ஏற்றிக்கொண்டே
‘பான், பான்’ என்கிறான், மூக்கால்.
சாரதி அவனை ஒரு மாதிரிப் பார்க்கிறான்.

நான் சுடச்சுட ஒரு துண்டைப் பிய்த்து
வாசலில் படுத்திருப்பதைக் கூப்பிடுகிறேன்:
ஆனால். ஆனால். ஆனால்.
நாக்கு இன்னும் உருளவில்லை.
நாய் வருகிறது.